கருமணலில் மறைந்த சம்பத்து

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கள்ளக்குறிச்சியைக் கடந்து சிறிது தூரம் சென்றால், 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் மாறி மாறிக் கைப்பற்றிய கோட்டையைத் தாங்கி நிற்கும் தியாகதுருகத்து மலை கண்ணில் படும். அம்மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், மின்சாரக் கம்பி வந்து சேராத காலத்தில், திரௌபதியம்மன் உற்சவத்தின்போது விடிய விடிய நடந்த தெருக்கூத்துக்கும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும், இரவுச் சந்தைக்கும் வெளிச்சம் தந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு. துரியோதனன் வேஷக்காரரின் கிரீடத்தில் பதித்த கண்ணாடித் துண்டுகள் ஜொலித்ததும், அவர் முகத்து அரிதாரம் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர் கண்ணுக்கும் தெரிந்ததும் அந்த வெண்ணொளியினால்தான். இன்று அதே ஊர்த் தெருக்களில் எல்.இ.டி. விளக்கு எரிகிறது; நெடுஞ்சாலையில் மின்சார ஸ்கூட்டர் ஓசையின்றி ஓடுகிறது. இம்மூன்றுக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உலோகங்களின் சேர்மங்கள் துணை நிற்கின்றன என்பதும், அக்குடும்பம் செழிப்பாகக் குடியிருக்கும் இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரை என்பதும் நம்மில் பலர் சிந்தித்துப் பாராத விஷயங்கள்.

பெட்ரோமாக்ஸை ஏற்றியவர்களுக்கு மேண்டில் என்ற பொருள் நன்கு தெரியும். அது நூலால் பின்னிய சிறிய பை. விளக்கின் வாயில் அதைக் கட்டி முதல்முறை கொளுத்தும்போது நூல் முழுவதும் எரிந்துபோய், பையின் உருவம் மாறாமல் வெண்ணிறக் கூடு ஒன்று மிஞ்சும்; விரல் பட்டால் பொடியாகிவிடும் அவ்வளவு மெல்லிய கூடு அது. காற்றடித்து அழுத்தம் ஏற்றியதும் மண்ணெண்ணெயின் ஆவி அதனுள் எரிய, கூடு கண்ணைப் பறிக்கும் பிரகாசத்தோடு ஒளிரத் தொடங்கும். ஒளிர்வது சுவாலையன்று, சுவாலையின் உஷ்ணத்தை வாங்கி வெண்ணொளியாக்கித் தருவது அந்தக் கூடே. அதன் நூறு பங்கில் 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு. எஞ்சிய ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு. அந்த ஒரு பங்கு சீரியத்தை நீக்கிவிட்டாலும் ஒளி மங்கிவிடும், அளவுக்கு மேல் கூட்டினாலும் மங்கிவிடும். வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற இரசாயன அறிஞர் 1885இல் வேறு சில ஆக்ஸைடுகளைக் கலந்து செய்த முதல் மேண்டில் பச்சை நிற வெளிச்சம் தந்ததால் மக்களிடம் எடுபடவில்லை. பல ஆண்டுகள் விடாமல் பரிசோதித்து 1891இல் அவர் இந்த விகிதத்தை அடைந்த பிறகே மேண்டில் உலகமெங்கும் பரவியது.

அதற்கு வேண்டிய தோரியத்தைத் தேடி ஐரோப்பிய வியாபாரிகள் உலகமெல்லாம் அலைந்த காலத்தில், நம் நாட்டுக் கயிறு அவர்களுக்கு வழி காட்டிற்று. திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்திலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னை நார்க்கயிற்றில் ஒட்டிக்கிடந்த மணலை 1909இல் ஆராய்ந்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயனர், அதில் மோனசைட் என்னும் கனிமத்தின் துகள்கள் மின்னுவதைக் கண்டார். தோரியமும், சீரியமும், அதன் உடன்பிறப்புகளான அருமண் உலோகங்களும் பாஸ்பரஸோடு கூடி அமைந்த கனிமம் மோனசைட். கயிறு வந்த திசையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்த அவர், 1910இல் குமரிக் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலையை நிறுவினார்; பின்னர்க் கொல்லத்தை அடுத்த சவறாவிலும் ஒன்றை நிறுவினார். முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மானிய உளவாளி என்ற குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட, ஆலைகள் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு மாறின. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தபோது, மணவாளக்குறிச்சி மணலும் ஆலையும் நம்முடையவை ஆயின. நம் கரையிலிருந்து மணலாகப் போனது மேண்டிலாக மாறி, விலை பல மடங்காகி, நம் ஊர்க் கூத்துமேடைக்குத் திரும்பி வந்தது. நான் இக்கட்டுரையில் சொல்ல விழைவதன் சாரமும் இதுவே: மண்ணை உடைமையாகப் பெற்றிருத்தல் வேறு, அதிலுள்ள பதார்த்தங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் வித்தையைப் பெற்றிருத்தல் வேறு, செல்வம் சேர்வது இரண்டாவதைப் பெற்றவனிடம்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் மணலின் மேல் கறுப்பும் செம்மையுமாகக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் உள்ள பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, வள்ளியாறு முதலிய சிற்றாறுகள் வழியே கடலைச் சேர்கின்றன. பாறையின் பெரும்பகுதி இலேசான மணற்சத்து. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். மோனசைட்டின் அடர்த்தியோ ஏறத்தாழ ஐந்து மடங்கு. பருவமழைக் காலத்துப் பேரலைகள் முறத்தில் தானியம் புடைக்கும் கைகளைப்போல இலேசானதை அள்ளிக்கொண்டுபோய்க் கனமானதைக் கரையில் விட்டுச் செல்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்த இந்தப் புடைப்பின் பயனாக இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் ஆகிய கனிமங்கள் அங்கே திரண்டு கிடக்கின்றன.

அலை தொடங்கிய காரியத்தை ஆலை தொடர்கிறது. அங்குள்ள யந்திரங்கள் மணலை அமிலத்தில் கரைப்பதில்லை. ஒவ்வொரு கனிமத்தின் சுபாவத்தை அறிந்து அதன் வழியே பிரிக்கின்றன. உலர்த்திய மணலை மிகுந்த மின்னழுத்தம் ஏற்றிய உருளையின்மீது ஓடவிட்டால், மின்சாரத்தைக் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம் தெறித்து விழும். கடத்தாத சிர்கானும் மோனசைட்டும் மறுபக்கம் போகும். அப்படிப் போனதை வலிய காந்தத்தின் அருகே செலுத்தினால், காந்தத்துக்குச் சிறிதே வசப்படும் மோனசைட் இழுபட்டு ஒதுங்கும். எவ்வகையிலும் வசப்படாத சிர்கான் நேரே ஓடிவிடும். உலகத்தின் ஆற்றல் மிக்க காந்தங்களுக்கு மூலப்பொருளாகப் போகும் கனிமத்தை, ஒரு காந்தமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது.

இனி நம் கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. தியாகதுருகத்தின் மேற்கே நீண்டு கிடக்கும் அம்மலைத்தொடரின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் இனத்தைச் சேர்ந்தது. பூமியின் ஆழத்தில் கடும் உஷ்ணத்தில் உருவான அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. இவ்வினப் பாறைகளில் சிர்கானும் மோனசைட்டும் கண்ணுக்குப் புலப்படாத சிறு துகள்களாகத் தூவப்பட்டிருப்பதைப் புவியியலார் நன்கு அறிவர். கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இம்மலைகளைத் தேய்த்துக் கொண்டுவரும் மண்ணை வெள்ளாற்றில் சேர்க்க, வெள்ளாறு அதைப் பரங்கிப்பேட்டைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆயினும் கல்வராயன் பாறையை உடைத்து அருமண் எடுக்கலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால் அதை நம்ப வேண்டியதில்லை. பாறையில் தூவிக் கிடப்பது வேறு, எடுத்துப் பயன்கொள்ளும் அளவுக்குத் திரண்டு கிடப்பது வேறு. திரட்டும் வேலையை ஒன்று கடலலை செய்ய வேண்டும், அல்லது பூமிக்குள்ளிருந்து எழுந்த கார்பனடைட் என்னும் அபூர்வப் பாறைக்குழம்பு செய்திருக்க வேண்டும். அத்தகைய கார்பனடைட் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சேவத்தூரிலும், சாமல்பட்டியிலும், சேலம் மாவட்டத்துப் பக்கநாட்டிலும் உண்டு. பக்கநாட்டுப் பாறையில் மோனசைட்டும் காணப்படுகிறது. கல்வராயனுக்கு இவற்றின் அண்டை வீடு என்ற பெருமை மட்டுமே சொந்தம்.

அருமண் குடும்பத்தில் 17 மூலகங்கள். லாந்தனம் தொடங்கி லுட்டீசியம் முடிய வரிசையாக நிற்கும் பதினைந்தும், அவற்றோடு குணத்தால் ஒத்த ஸ்காண்டியமும் இட்ரியமும் சேர்ந்தது அது. ப்ரொமெத்தியம் ஒன்றைத் தவிர மற்றவை பூமியில் அப்படியொன்றும் குறைவாக இல்லை. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழத் தாமிரத்தின் அளவுக்கு உண்டு. தொல்லை என்னவென்றால் இவை தனித்து வாழ்வதில்லை, ஒரே கனிமத்தில் எல்லாம் கலந்தே வாழ்கின்றன. இதற்குக் காரணம் அணுவின் அமைப்பில் இருக்கிறது. மற்ற உலோகங்களின் வரிசையில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கூடும் எலெக்ட்ரான் பெரும்பாலும் அணுவின் வெளிப்புறத்தில் சேர்வதால், பிற மூலகங்களோடு கூடும் விதமும் மாறிவிடுகிறது. லாந்தனத்துக்குப் பின் வரும் வரிசையிலோ, புதிய எலெக்ட்ரான்கள் உள்ளே ஓர் அறையில் போய் ஒளிந்துகொள்கின்றன. வெளியே தெரியும் முகம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே இரசாயன வினைகளில் ஒன்றைப் போலவே மற்றொன்றும் நடந்துகொள்கிறது. உள்ளறையில் ஒளிந்த எலெக்ட்ரான்களோ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான காந்த குணத்தையும், நிறத்தையும், ஒளியையும் தருகின்றன. பிரிப்பதை இத்தனை கடினமாக்கிய அதே அமைப்புத்தான், பிரித்தபின் இவற்றை இத்தனை உபயோகமுள்ளவையும் ஆக்குகிறது.

1787இல் சுவீடனில் இட்டர்பி என்னும் சிற்றூரின் சுரங்கத்தில் ஆரேனியஸ் என்ற இராணுவ அதிகாரி கண்டெடுத்த கறுப்புக் கல்லும், 1794இல் அதை ஆராய்ந்து புதிய மண் (ஆக்ஸைடு) ஒன்றைக் கண்ட ஃபின்லாந்து அறிஞர் காடோலினும் இச்சரித்திரத்தின் தொடக்கம். ஒன்று என்று எண்ணியது இரண்டாகவும், இரண்டு என்று எண்ணியது நான்காகவும் பிரிந்துகொண்டே போக, முழுக் குடும்பத்தையும் அடையாளம் காண ஒன்றரை நூற்றாண்டு சென்றது. அக்காலத்தில் அறிந்த வழி, உப்பாக்கிக் கரைத்துப் படிகமாக்குவதும், மீண்டும் கரைத்து மீண்டும் படிகமாக்குவதுமே. அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் 1911இல் தூலியத்தைத் தூய்மையாக எடுக்க இக்காரியத்தைச் சுமார் 15,000 முறை திரும்பத் திரும்பச் செய்தார் என்பதைப் படிக்கும்போது, விஞ்ஞானம் என்பது தபஸுக்கு மறுபெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று ஆலைகளில் இதைச் செய்வது கரைப்பான் முறை: நீரில் கரைந்த அருமண் உப்பையும் அதனோடு கலவாத எண்ணெய் போன்ற திரவத்தையும் சேர்த்துக் கலக்கித் தெளியவிட்டால், ஓர் உலோகம் மற்றதைவிட இம்மியளவு கூடுதலாக எண்ணெய்ப் பக்கம் போகும். அந்த இம்மியளவு வேற்றுமையைப் பெருக்க, கலக்கித் தெளியவிடும் தொட்டிகளை நூற்றுக்கணக்கில் தொடராக வைக்க வேண்டியிருக்கிறது.

சுதந்திர இந்தியா இவ்விஷயத்தில் தூங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1950 ஆகஸ்டு 18 அன்று மத்திய அரசும் திருவிதாங்கூர்–கொச்சி அரசும் கூட்டாக இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தின. ஆலுவாவில் அதன் ஆலையை 1952 டிசம்பரில் பண்டித நேரு திறந்துவைத்தார். மணவாளக்குறிச்சி, சவறா ஆலைகள் 1965இல் அந்நிறுவனத்தோடு சேர்ந்தன. நம் மோனசைட்டில் பாதிக்கு மேல் அருமண் ஆக்ஸைடு, 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்ஸைடு, சிறிதளவு யுரேனியம். அதைப் பொடியாக அரைத்துக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் பாஸ்பரஸ் தனியே பிரிந்து, ட்ரைசோடியம் பாஸ்பேட் என்ற விலைபோகும் சரக்காகிவிடும். எஞ்சியதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பதம் பார்த்துக் கரைத்தால் அருமண் உலோகங்கள் கரைசலில் இறங்க, தோரியம் கரையாமல் நின்றுவிடும். ஹோமி பாபா வகுத்த அணுசக்தித் திட்டத்துக்கு இந்தத் தோரியமே எதிர்கால எரிபொருள் என்பதால், மோனசைட்டை அணுசக்திச் சட்டம் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக வைத்திருக்கிறது. ஒடிசாவின் சத்ரபூரிலும் இப்போது மோனசைட்டைப் பிரிக்கும் பெரிய ஆலை நடக்கிறது.

இத்தனை பாடுபட்டுப் பிரித்த பதார்த்தங்கள் எதற்குப் பயன்படுகின்றன? முதலிடம் காந்தத்துக்கே. சாதாரண இரும்பு எளிதில் காந்தமாகும், எளிதில் காந்தத்தை இழக்கவும் செய்யும். அதன் அணுக்களில் உள்ள காந்த முனைகள் எந்தத் திசையிலும் திரும்பக்கூடியவை. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் 2:14:1 என்ற கணக்கில் கூடி அமைந்த படிகத்திலோ நிலைமை வேறு. இரும்பு காந்த வலிமையைத் தருகிறது. நியோடிமியத்தின் உள்ளறை எலெக்ட்ரான்கள் அவ்வலிமையைப் படிகத்தின் ஓர் அச்சோடு கட்டிப்போட்டுத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் 1980களின் தொடக்கத்தில் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்த இச்சேர்மம், ஒலிபெருக்கிகளில் நாம் காணும் கறுப்பு ஃபெரைட் காந்தத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் காந்த சக்தியைத் தன்னுள் வைத்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் சிறிய அளவில் இருந்துகொண்டு இருவரைச் சுமந்து மேட்டில் ஏறுவது இதனால்தான்.

அக்காந்தத்தைச் செய்யும் விதமும் பார்க்கத்தக்கது. உருக்கிய உலோகக் கலவையைத் தாமிர உருளையின்மீது ஊற்றி மெல்லிய தகடுகளாக்கி, ஹைட்ரஜனில் நொறுங்கச் செய்து, மைக்ரான் கணக்கில் மூன்று முதல் ஐந்து அளவுள்ள தூளாக அரைக்கிறார்கள். அந்தத் தூள் காற்றுப் பட்டால் தீப்பற்றும். ஆதலால் எல்லாம் காற்று நீக்கிய அறையிலேயே நடக்கிறது. வலிய காந்தப் புலத்தினுள் வைத்து அழுத்தும்போது கோடிக்கணக்கான துகள்கள் யாவும் ஒரே திசையை நோக்கித் திரும்பி நிற்கின்றன. நின்றபடியே ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு, துரு ஏறாமலிருக்க நிக்கல் பூசி, பின் காந்தமேற்றுகிறார்கள்.

இக்காந்தத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. 310 டிகிரி சென்டிகிரேடு அளவில் இது காந்தத் தன்மையை முற்றும் இழந்துவிடும். அதற்கு வெகு முன்பாகவே, சாதாரண ரகமாயின் 80 டிகிரியைத் தாண்டினாலே, வலிமை குன்றத் தொடங்கும். சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சிச் சாலையில் ஓடும் வண்டியின் மோட்டாருக்குள் அவ்வளவு சூடு ஏறுவது சகஜம். அதனால் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற கனரக அருமண் உலோகங்களைச் சிறிது சேர்த்து உஷ்ணத்தைத் தாங்கச் செய்கிறார்கள். இன்னும் கூடுதலான சூட்டில் இயங்க வேண்டிய இடங்களில், ஏவுகணையிலும் விண்கலத்திலும், சமாரியம்–கோபால்ட் காந்தமே கைகொடுக்கும். அதைச் செய்யும் ஆலை ஒன்று விசாகப்பட்டினத்தில் 2023 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 3,000 கிலோ.

காந்தத்தை அடுத்து நெருப்பு. ஆகாய விமானத்தின் எஞ்சினில் எரியும் வாயுவின் சூடு, அதன் எதிரே சுழலும் நிக்கல் உலோகத் தகடுகளின் உருகுநிலையையே கடந்துவிடுகிறது. உருக வேண்டிய தகடு உருகாமல் சுழல்வதற்கு அதன் உள்ளே ஓடும் குளிர்காற்று ஒரு காரணம். மேலே பூசிய கால் மில்லிமீட்டர் கனமுள்ள வெண்ணிறப் பூச்சு இன்னொரு காரணம். அப்பூச்சு சிர்கோனியா, அதாவது மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டோடு கிடக்கும் அதே சிர்கானிலிருந்து பெறும் ஆக்ஸைடு. தனிச் சிர்கோனியாவைப் பூசினால் பயனில்லை. சுமார் 1,170 டிகிரியைக் கடந்து ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் படிக அமைப்பு மாறிக் கனஅளவும் மாறுவதால், சில தடவை சூடேறி ஆறியவுடன் வெடித்துப் பெயர்ந்துவிடும். அதனோடு நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இட்ரியம் ஆக்ஸைடு சேர்ந்தாலோ படிகம் ஸ்திரமடைந்து, மாறாமல் நிற்கிறது. எலெக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்த அப்பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால், வழவழப்பான படலம் தெரியாது. மயிலிறகின் தண்டுகளை நெருக்கமாக நட்டுவைத்தாற்போன்ற தூண்கள் தெரியும். தூணுக்கும் தூணுக்கும் இடையே இடைவெளி இருப்பதால், அடியிலுள்ள உலோகம் விரியும்போது பூச்சு கிழிபடாமல் விலகிக்கொடுக்கிறது. பாலைவனத் தூசியும் எரிமலைச் சாம்பலும் இதன் சத்துரு. 1,200 டிகிரிக்கு மேல் அவை கண்ணாடியாக உருகி அந்த இடைவெளிகளில் இறங்கி உறைந்து, தூண்களைப் பிணைத்து உடைத்துவிடும். இதற்கும் மாற்று, அருமண் குடும்பத்திலேயே கிடைத்தது: காடோலினியம் சிர்கனேட் என்ற சேர்மம் உருகிய தூசியோடு வினைபுரிந்து, புதிய படிகமாகி, தூசி மேலும் இறங்காதபடி வாயிலை அடைத்துவிடுகிறது.

ஒளியின் துறையில் இவை செய்யும் காரியங்களை விரித்தால் ஏடு கொள்ளாது. எல்.இ.டி. விளக்கை அணைத்துவிட்டு அதன் மூடியை நீக்கிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் நிறச் சிறு கட்டங்கள் தெரியும். இட்ரியம், அலுமினியம், ஆக்ஸிஜன் கூடிய ‘யாக்’ என்னும் படிகத்தில் சீரியம் சிறிது கலந்த பொடி அது. அடியிலுள்ள சில்லு தரும் நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றி, நீலமும் மஞ்சளும் கூடி வெண்மையாகத் தோன்றச் செய்கிறது. மேண்டிலில் ஒரு பங்காக நின்ற சீரியமே இங்கும் வேலை செய்கிறது. அதே படிகத்தில் சீரியத்துக்குப் பதில் நியோடிமியம் கலந்தால், உருக்கைப் பற்றவைக்கும் லேசர் கிடைக்கும். கண்புரை சிகிச்சை முடிந்து சில காலம் சென்றபின் பார்வை மங்கிய முதியவர்க்கு, லென்ஸின் பின்புறத்துச் சவ்வைக் கத்தியின்றித் திறந்து சில நிமிஷங்களில் வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அந்த யாக் லேசரும் இதுவே. கடலடிக் கண்ணாடி இழைகளில் சோர்ந்துபோகும் ஒளிச் சமிக்ஞையை வழிநெடுகப் புதுப்பிப்பது எர்பியம். புகைப்பட லென்ஸில் லாந்தனம், பெட்ரோல் சுத்திகரிப்பில் லாந்தனம், கண்ணாடி மெருகிடச் சீரியம், மோட்டார் சைக்கிளின் புகைக்குழலில் ஆக்ஸிஜனைத் தேக்கி வைத்து வேண்டும்போது விட்டு நச்சுப் புகையை எரிக்கவும் சீரியம்.

இத்தனை சொன்னபின், நம் நிலைமையைக் கணக்கோடு பார்க்க வேண்டும். நம் கடற்கரைகளில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாகவும், அதில் சுமார் 25 லட்சம் டன் தமிழ்நாட்டில் இருப்பதாகவும் அணுசக்தித் துறையின் மதிப்பீடு. அருமண் இருப்பில் சீனா, பிரேசிலுக்கு அடுத்த மூன்றாமிடம் இந்தியாவுக்கு. உற்பத்தியிலோ, 2024இல் உலகம் எடுத்த சுமார் 3,90,000 டன்னில் சீனாவின் பங்கு 2,70,000 டன், நம் பங்கு 2,900 டன். காந்தம் செய்வதில் சீனாவின் ஆதிக்கம் இன்னும் பெரிது. 2025 ஏப்ரலில் அந்நாடு சமாரியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் உள்ளிட்ட ஏழு உலோகங்களின் ஏற்றுமதிக்கு அனுமதி முறையை விதித்தபோது, நம் வாகனத் தொழிற்சாலைகள் காந்தமின்றித் திண்டாடின. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசு, ஆண்டுக்கு 6,000 டன் நியோடிமியக் காந்தம் செய்யும் ஆற்றலை நாட்டில் உண்டாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மணலை வாரும் வேகம் மட்டும் கூடி, பிரிக்கும் வித்தையும் காந்தமாக்கும் வித்தையும் பின்தங்கிவிட்டால், 1910இல் நடந்ததே வேறு உருவில் நடக்கும்.

மணலை வாரும் இடத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். தோரியத்தின் காரணமாகக் குமரி, கொல்லம் கடற்கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைப்போல் பல மடங்கு. தென்மாவட்டங்களில் தனியார் தாது மணல் அள்ளியது பெரும் பூசலாகி, 2013இல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. கிள்ளியூர் வட்டத்துக் கிராமங்களில் சுமார் 1,144 எக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கூட்டவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், மீனவ மக்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. கரை அரிக்குமோ, வள்ளம் ஏற்றி வைக்க இடமின்றிப் போகுமோ, புற்றுநோய் வருமோ என்று அவர்கள் கேட்கும் கேள்விகளை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். எவ்வளவு ஆழம் தோண்டப்படும், மீதி மணல் எங்கே திரும்பக் கொட்டப்படும், கதிர்வீச்சு முன்னும் பின்னும் எவ்வளவு என்பவற்றை, அவர்கள் நம்பும் ஆட்கள் அளந்து, தமிழில் எழுதி, ஊர்தோறும் ஒட்டிய பிறகே ஒரு மண்வெட்டி இறங்க வேண்டும் என்பது என் துணிபு.

மோனசைட் எவ்வளவு எடுத்தாலும் தீராத குறை ஒன்றும் இருக்கிறது. அதிலுள்ள அருமண்ணில் ஏறத்தாழப் பாதி சீரியம். நியோடிமியம் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மோட்டாரின் சூட்டைத் தாங்கச் செய்யும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் மிகச் சொற்பம். அவ்விரண்டும் ஏற்கெனவே பிரித்துத் தூய்மை செய்யப்பட்ட நிலையில் நம் ஊர்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன, பழுதான மோட்டார்களுக்கும் உடைந்த கணினித் தட்டுகளுக்கும் உள்ளே. காயலான் கடைக்காரர் தாமிரக் கம்பியை உருவி எடுத்துக்கொண்டு, ஒட்டிக்கொண்டு தொல்லை தரும் காந்தத்தை இரும்போடு இரும்பாக உருக்க அனுப்பிவிடுகிறார். உலையில் அதிலுள்ள அருமண் எல்லாம் கசடோடு போய்விடுகிறது. அந்தக் காந்தத்தை மீட்க அமிலமும் வேண்டியதில்லை. பழைய மோட்டாரின் சுழலியை ஓர் இரும்புப் பாத்திரத்தில் அடைத்து, காற்றை வெளியேற்றி, ஹைட்ரஜனைச் செலுத்தினால், காந்தம் அவ்வாயுவை உறிஞ்சிப் பருத்து, தன் காந்த வலிமையை இழந்து, தானே உதிர்ந்து தூளாகிவிடும்; பாத்திரத்தைச் சுழற்றினால் தூள் கீழே விழும், இரும்பு மேலே நிற்கும். நிக்கல் பூச்சின் தோலைச் சலித்து நீக்கியபின், தூளை மீண்டும் காந்தப் புலத்தில் வைத்து அழுத்திச் சுட்டால் புதிய காந்தம். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இம்முறையில் காந்தத்தைத் தூளாக மீட்க வேண்டியவை ஓர் அழுத்தப் பாத்திரம், ஒரு ஹைட்ரஜன் உருளை, காற்றுப் படாத ஓர் அறை, பழுதான மோட்டார்களைத் தனியே சேர்த்துவைக்கும் பழக்கம் ஆகியவையே.